பிப்ரவரியில் பாஸ், மே மாதத்தில் ஃபெயில்: டெல்லி வெயிலில் டிடிஆர்5 ரேம் சோதனை

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் அத்தோடு கிளம்பலாம். இரண்டு 16 ஜிபி டிடிஆர்5 ரேம் ஸ்டிக். 6000 வேகம், சிஎல்30 (கேட்டதும் ரேம் பதில் தர எடுக்கும் துடிப்புகள்), 1.35 வோல்ட், எஃப்-கிளாக் (ப்ராசஸருக்குள் சில்லுகளை இணைக்கும் பாதையின் வேகம்) 2133, டி-ரெஃபி 16,383, டிஆர்எஃப்சி 520 (இந்த இரண்டுக்கும் அர்த்தம் பின்னால் வரும்). ஸ்டிக்குகளின் மேல் காற்றடிக்க 80 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று. ஜூன் மாத மதியத்தில், ஜன்னல் தண்ணீர்க் கூலர் நின்றுபோன அறையில், கிராபிக்ஸ் கார்டு முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதும் ஒரு பிழை கூட வரவில்லை. இதைவிட வேகமான செட்டிங் ஒன்றும் என்னிடம் இருந்தது. குளிர்காலத்தில் எல்லா டெஸ்டிலும் அது தேறியது. மே மாதத்தில் அக்கா பையனின் ப்ராஜெக்ட் ஃபைலைக் கெடுத்துவிட்டது. அந்தக் கதைதான் இது.

மெஷின் அக்கா பையனுடையது. ஆர்க்கிடெக்சர் படிக்க டெல்லிக்கு வந்தவன், எங்களோடு மயூர் விஹாரில் தங்கியிருக்கிறான். அவன் அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே. ப்ளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ராத்திரியெல்லாம் ரெண்டர் போடுவான், மீதி நேரத்தில் கேம். ரைசன் 7 7700, பி650 சிப்செட் மதர்போர்டு, 200 வாட் இழுக்கும் ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்டு, உயரமான ஏர் கூலர், முன்னால் கண்ணாடி வைத்த கேபினெட். கேபினெட்டைத் தேர்ந்தெடுத்தவன் அவன். கண்ணாடி முகப்பு வழியாகக் காற்று எப்படி உள்ளே போகும் என்று அன்றே கேட்டேன். "மாமா, ஆர்ஜிபி தெரியணும்ல" என்றான், உள்ளே மின்னும் வண்ண விளக்குகளைச் சொல்கிறான்.

ரேம் 2025 ஜனவரியில் டெல்லியின் கம்ப்யூட்டர் சந்தையான நேரு ப்ளேஸில் வாங்கியது. மயூர் விஹாரிலிருந்து மெட்ரோவின் ப்ளூ லைன், மண்டி ஹவுஸில் வயலட் லைன் மாறினால் வாசலிலேயே இறக்கிவிடும். பத்தாயிரத்து நானூறு ரூபாய், ஜிஎஸ்டி பில்லோடு. பில் இல்லாமல் என்றால் கொஞ்சம் குறைத்துத் தருவதாகச் சொன்னார்கள். ரேமுக்கு வாழ்நாள் வாரண்டி என்று அட்டையில் போட்டிருப்பதற்கு அர்த்தமே அந்தப் பில்லில்தான் இருக்கிறது. கேட்டதைக் கொடுத்துப் பில்லோடு வாங்கிக்கொண்டு வரவேண்டியதுதான்.

அட்டையில் 6000 என்று இருந்தாலும் போர்டில் செருகியதும் அது 4800-ல்தான் எழும். 6000-க்குப் போக பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங் திரை) எக்ஸ்போ ப்ரொஃபைலை, அதாவது ஸ்டிக்கிலேயே எழுதிவைத்திருக்கும் வேக செட்டிங்கை, ஆன் செய்யவேண்டும். ஏஎம்டி இந்த ப்ராசஸருக்கு, இரண்டு ஸ்டிக் போட்டால், உத்தரவாதம் தருவது 5200 வரைக்கும்தான். அதாவது 6000 என்று விற்பதெல்லாம் ஓவர்க்ளாக். ரேம் கம்பெனி தன் ஸ்டிக் அந்த வேகத்தில் ஓடும் என்று சொல்கிறது. உங்கள் ப்ராசஸர், உங்கள் போர்டு, உங்கள் அறை மூன்றும் சேர்ந்து அதை ஓட்டுமா என்று யாரும் சொல்வதில்லை. பார்த்துக்கொள்ள வேண்டியது வாங்குகிறவன் பொறுப்பு.

ஸ்டிக்குகளை ப்ராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போட்டோம். முதல்முறை பவர் போட்டதும் பல நிமிடம் திரை கறுப்பாகவே இருந்தது. பையன் முகம் வெளுத்துவிட்டது. டிடிஆர்5-ல் இது சகஜம். ஒவ்வொரு சிக்னல் பாதைக்கும் சரியான நேரத்தைப் போர்டு தானே தேடிக் கண்டுபிடிக்கிறது. ட்ரெய்னிங் என்பார்கள். அந்த நேரத்தில் பயந்து பவரை நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். டீ போடப் போய்விடுவது உத்தமம்.

அளக்க ஆரம்பிக்கும் முன் ஒரு நோட்டு வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு வரியிலும் பயாஸில் மாற்றியது என்ன, ரீட் வேகம், லேட்டன்சி (கேட்டது வந்துசேர ஆகும் நேரம்), ஸ்டிக்கின் வெப்பநிலை, அறையின் வெப்பநிலை. அறை வெப்பநிலை என்ற கடைசிக் கட்டம் முதலில் என் சந்தேக புத்தியால் போட்டது. மே மாதத்தில் அதுதான் கைகொடுத்தது. அறை வெப்பநிலைக்கு முந்நூறு ரூபாய் டிஜிட்டல் தெர்மாமீட்டர், ஈரப்பதமும் காட்டும். ஸ்டிக்கின் வெப்பநிலைக்குத் தனியாக எதுவும் வேண்டாம். டிடிஆர்5 ஸ்டிக்குகளில், ஸ்டிக்கின் விவரங்களை வைத்திருக்கும் எஸ்பிடி ஹப் சிப்புக்குள்ளேயே சென்சார் இருக்கிறது. விண்டோஸில் ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற ப்ரோக்ராம் காட்டும். லினக்ஸில் கெர்னல் 6.11-லிருந்து அதற்கான டிரைவர் கூடவே வருகிறது, சென்சார்ஸ் என்று அடித்தால் போதும்.

வேகத்தை அளக்க விண்டோஸில் ஐடா64-இன் மெமரி டெஸ்ட், லினக்ஸில் ஸ்ட்ரீம். ஐடாவின் ட்ரையல் பதிப்பு சில கட்டங்களை மறைத்துவிடும், நமக்குத் தேவையான இரண்டு எண் கிடைத்தால் சரி. ஸ்ட்ரீம் 1990-களின் தொடக்கத்திலிருந்து இருக்கும் சின்ன சி ப்ரோக்ராம். அதை அப்படியே கம்பைல் செய்து ஓட்டினால் இந்த ப்ராசஸரில் வரும் எண்ணை நம்ப முடியாது. அது பயன்படுத்தும் ஒவ்வொரு அரேயும் (எண் வரிசை) கேஷைப்போல் (ப்ராசஸருக்குள் இருக்கும் சின்ன மெமரி) நாலு மடங்காவது இருக்கவேண்டும் என்பது அதன் விதி. 7700-க்கு எல்3 கேஷ் 32 எம்பி, ஆக 128 எம்பி வேண்டும். அதில் இயல்பாக இருப்பது ஒரு கோடி எண்கள், 80 எம்பிதான். நான் பத்துக் கோடியாக ஏற்றினேன். மூன்று அரே சேர்ந்து 2.4 ஜிபி ஆகிவிட்டதால் ஜிசிசி கம்பைலர் லிங்க் செய்ய மறுத்து 'ரீலொக்கேஷன்' என்று ஏதோ திட்டியது. எம்சிமாடல் என்ற ஆப்ஷனை மீடியம் என்று கொடுத்ததும் அடங்கியது. இன்னொன்று: ஸ்ட்ரீம் எழுதுவதற்கு முன் ப்ராசஸர் அந்த இடத்தைப் படித்துக்கொள்ளும் போக்குவரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஐடா காட்டுவதைவிட அதன் எண் குறைவாக வரும். இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு மண்டையைக் குழப்பிக்கொள்ளவேண்டாம். அதே டூலின் பழைய எண்ணோடு புதிய எண்ணை ஒப்பிடுங்கள்.

4800, சிஎல்40-ல் ஐடா ரீட் நொடிக்கு 52 ஜிபி, லேட்டன்சி 91 நானோ செகண்ட். எக்ஸ்போ போட்டதும் 61 ஜிபி, 72 நானோ செகண்ட்.

லேட்டன்சி குறைந்ததில் ஆச்சரியம் இல்லை. சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் நானோ செகண்ட் வரும்: 4800 சிஎல்40-க்கு 16.7, 6000 சிஎல்30-க்கு சரியாக 10. பழைய டிடிஆர்4 3200 சிஎல்16-க்கும் இதே 10 தான் என்பதைக் கடையில் யாரும் சொல்லமாட்டார்கள். இடறியது ரீட் வேகம். 6000-ஐ 8 பைட்டால் பெருக்கி, இரண்டு சேனலுக்கு இரட்டித்தால் 96 ஜிபி. கையில் வந்தது 61. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணோம்.

"மாமா, ஒரு ஸ்டிக் வேலை செய்யலையோ?"

அந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பது எளிது. ஒன்றைக் கழற்றிவிட்டு ஓட்டினோம்: 41. இரண்டும் வேலை செய்கின்றன. ஸ்லாட் மாற்றிப் பார்த்தோம், பயாஸைப் புதுப்பித்தோம், விண்டோஸில் பவர் ப்ளானை மாற்றினோம். 61 அசையவில்லை. வேகத்தை 5600-க்கு இறக்கியும் ரீட் கிட்டத்தட்ட அங்கேயே நின்றபோதுதான் கண் ரேமை விட்டு ப்ராசஸர் பக்கம் திரும்பியது. 7700-ல் எட்டு கோர்களும் (கணக்குப் போடும் பகுதிகள்) சிசிடி என்ற ஒரே சில்லில் இருக்கின்றன. அந்தச் சில்லுக்கும், ரேமோடு பேசும் மெமரி கன்ட்ரோலர் இருக்கும் சில்லுக்கும் நடுவே உள்ள இணைப்பு, எஃப்-கிளாக்கின் ஒரு துடிப்புக்கு 32 பைட்தான் படிக்கும். எஃப்-கிளாக் 2000 மெகாஹெர்ட்ஸ். பெருக்கினால் 64 ஜிபி. ரேம் எவ்வளவு வேகமாகக் கொடுத்தாலும் வாசல் அவ்வளவுதான். இரண்டு சிசிடி உள்ள 7900, 7950-களில் இந்தத் தடை இப்படி இருக்காது.

சோதித்துப் பார்க்க எஃப்-கிளாக்கை 2133-க்கு ஏற்றினோம். கணக்குப்படி உச்சம் 68. ஐடா 65 காட்டியது. ரேமில் எதையும் தொடாமல் 4 ஜிபி கூடியது. 2200-ல் போர்டு எழுந்தது, ஆனால் ஸ்ட்ரீம் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண் சொன்னது. யூஎஸ்பி ஹெட்ஃபோனில் சத்தம் விட்டுவிட்டு வந்தது. 2133-க்கே திரும்பிவிட்டோம்.

6400-ஐயும் விட்டுவைக்கவில்லை. மெமரி கன்ட்ரோலரும் ரேமும் ஒரே கிளாக்கில் ஓடவேண்டும். அங்கே எங்கள் ப்ராசஸர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. கன்ட்ரோலரைப் பாதி வேகத்துக்கு இறக்கினால் எழுகிறது, ஆனால் லேட்டன்சி 79-க்கு ஏறுகிறது. மெமரி கன்ட்ரோலருக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜைக் கூட்டினால் ஒருவேளை ஒத்துக்கொள்ளும். 2023-ல் 7000 எக்ஸ்3டி ப்ராசஸர்கள் கருகிய விவகாரத்துக்குப் பிறகு ஏஎம்டி அதற்கு 1.3 வோல்ட் வரம்பு போட்டது. இன்னொருவர் பணத்தில் வாங்கிய ப்ராசஸரில் அந்த வரம்புக்குப் பக்கத்தில் போய் நிற்க எனக்கு மனமில்லை. பெரிய எண்ணைத் துரத்துகிறவர்கள் இந்த இடத்தில் ஒரு கணம் நிற்கலாம்: ஒரே சிசிடி உள்ள ரைசனில் 7200, 8000 என்று அதிகப் பணம் கொடுத்து ரேம் வாங்குவது பெட்டியின் அழகுக்குத்தான்.

அடுத்து டைமிங். இதில் இரண்டே இரண்டைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன், பின்னால் பிரச்சனை செய்தவை அவைதான். டிரேமில், அதாவது ரேம் சிப்பில், ஒவ்வொரு பிட்டும் ஒரு மிகச் சிறிய கெப்பாசிட்டரில் சார்ஜாக நிற்கிறது. அது ஓட்டைக் குடம். ஒழுகிக்கொண்டே இருக்கும், வற்றுவதற்குள் மறுபடி நிரப்பவேண்டும். அந்த நிரப்புதல்தான் ரெஃப்ரெஷ். அது நடக்கும்போது ரேம் படிக்கவும் கொடுக்காது, எழுதவும் கொடுக்காது. எத்தனை நேரத்துக்கு ஒருமுறை ரெஃப்ரெஷ் என்பது டி-ரெஃபி. ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது டிஆர்எஃப்சி. தர வரையறைப்படி இடைவெளி 3.9 மைக்ரோ செகண்ட். 6000 வேகத்தில் நிஜக் கிளாக் 3000 மெகாஹெர்ட்ஸ் என்பதால் அது 11,700 துடிப்பு. சிப் 85 டிகிரியைத் தாண்டினால் இடைவெளியைப் பாதியாக்கு என்றும் அதே வரையறை சொல்கிறது. சூட்டில் ஒழுக்கு அதிகம்.

எங்கள் ஸ்டிக்கில் இருக்கும் சிப் எஸ்கே ஹைனிக்ஸ் கம்பெனியுடையது என்று மென்பொருள் காட்டியது. இவை ரெஃப்ரெஷ் இடைவெளியை நன்றாகவே நீட்ட விடும். டி-ரெஃபியை 50,000 ஆக்கினேன், அதாவது 16.7 மைக்ரோ செகண்ட். டிஆர்எஃப்சி 885-லிருந்து 480. மற்ற சில டைமிங்குகளையும் இறுக்கினோம், நோட்டில் இருக்கின்றன, விவரித்தால் தூக்கம் வரும். ஸ்டிக் வோல்டேஜை 1.40-க்கு ஏற்றினோம். லேட்டன்சி 63. பையன் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினான்.

பிறகு ரேமில் பிழை தேடும் ப்ரோக்ராம்களை வைத்து முறைப்படி சோதனை. மெம்டெஸ்ட்86+ ராத்திரி முழுக்க. டெஸ்ட்மெம்5 பல மணி நேரம். லினக்ஸில் கூகுளின் ஸ்ட்ரெஸ்ஆப்டெஸ்ட். பிழை பூஜ்யம். பிப்ரவரி முதல் வாரம், நோட்டில் அறை 18 டிகிரி, ஸ்டிக் 42.

மே இரண்டாம் வாரத்தில் ப்ளெண்டர் ரெண்டர் பாதியில் நின்றது. கிராபிக்ஸ் டிரைவரைச் சந்தேகித்தோம், துடைத்துப் போட்டுப் புதிதாக ஏற்றினோம். நின்றது. எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) என்று நினைத்து என் மெஷினிலிருந்து கழற்றி இவனுக்கு மாட்டிப் பார்த்தோம். இரண்டு நாள் சரியாக ஓடியதால் அதுதான் என்றே முடிவு கட்டிவிட்டோம். அந்த இரண்டு நாளும் மழை பெய்து ஊர் குளிர்ந்திருந்தது என்பது பிறகுதான் உறைத்தது. மூன்றாம் நாள் மறுபடி நின்றது. அதற்குள் இன்னொன்றும் நடந்தது. ப்ராஜெக்டை ஜிப் செய்து கல்லூரிக்கு அனுப்பியிருந்தான், அங்கே விரிக்கும்போது சிஆர்சி எரர், அதாவது உள்ளே இருப்பது மாறிப்போயிருக்கிறது. இங்கே திறந்தாலும் அதே எரர். ரெண்டர் நின்றால் மறுபடி போட்டுக்கொள்ளலாம். ஃபைல் சத்தமில்லாமல் கெடுகிறது என்றால் விஷயம் வேறு.

விண்டோஸின் ஈவென்ட் லாகில் ஒன்றும் இல்லை. டிடிஆர்5-ல் ஈசிசி என்ற பிழை திருத்தும் வசதி இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். சிப்புக்குள் இருக்கும் அந்த ஆன்-டை ஈசிசி ஒற்றை பிட் பிழையைத் தனக்குள்ளேயே திருத்திக்கொள்ளும், வெளியே யாரிடமும் சொல்லாது. ஸ்டிக்கிலிருந்து ப்ராசஸருக்கு வரும் வழியில் நடப்பதையும் அது பார்ப்பதில்லை. சர்வரில் இருக்கும் ஈசிசியோடு இதைச் சேர்க்கவேண்டாம்.

மெம்டெஸ்ட் போட்டோம், அதுவும் மே மாதத்திலேயே. தேறிவிட்டது! இங்கேதான் ரொம்ப நேரம் சுற்றினோம். மெம்டெஸ்ட் ஓடும்போது கிராபிக்ஸ் கார்டு சும்மா இருக்கிறது. நாங்கள் போட்டதும் ராத்திரியில், கூலர் முழு வேகத்தில் ஓடும்போது. டெல்லியில் கூலர் என்றால் ஜன்னலில் மாட்டும் தண்ணீர்க் கூலர். வறண்ட மே மாதத்தில் நன்றாக வேலை செய்யும். இந்த அறையில் அது ஓடினால் 31, 32 டிகிரி. தொட்டியில் தண்ணீர் தீர்ந்தால் அது வெறும் காற்றாடி. குழாயில் தண்ணீர் வருவது காலையில், தொட்டி வற்றுவது மதியம் இரண்டு மணிவாக்கில். நோட்டைப் புரட்டிப் பார்த்தால் ரெண்டர் நின்றதெல்லாம் மதியத்துக்கு மேல்.

அப்புறம் அந்தச் சூழலையே வேண்டுமென்றே உண்டாக்கினோம். மதியம் மூன்று மணி, கூலர் நிறுத்தம், அறை 39. கேபினெட்டின் பக்கத் தகடு மூடியிருக்கிறது. கிராபிக்ஸ் கார்டில் ப்ளெண்டர் ரெண்டர், கூடவே டெஸ்ட்மெம்5. கார்டின் முதுகிலிருந்து கிளம்பும் சூடு நேராக ஸ்டிக்குகளுக்குத்தான் போகிறது. கால் மணி நேரத்தில் ஸ்டிக் 58, முதல் பிழை. 62-க்குப் போனதும் பிழைகள் வரிசையாக வந்து விழுந்தன. ரெண்டரை நிறுத்தி, தகட்டைக் கழற்றி, என் டேபிள் ஃபேனை உள்ளே திருப்பிவைத்தோம். 46-க்கு இறங்கியது, டெஸ்டை மறுபடி ஓட்டினால் பிழை இல்லை. அதன் பிறகு சந்தேகத்துக்கு இடமில்லை.

சென்சாரை நம்பலாமா என்ற கேள்வி மட்டும் மிச்சம். டெல்லிக்காரர்களுக்கு இது சும்மா வருகிற கேள்வி இல்லை. 2024 மே 29 அன்று முங்கேஷ்பூர் தானியங்கி நிலையம் 52.9 டிகிரி காட்டி, பிறகு அந்தச் சென்சார் 3 டிகிரி கூடுதலாகக் காட்டியது என்று வானிலைத் துறை சொன்னது. அன்று டெல்லியின் முக்கிய நிலையமான சஃப்தர்ஜங்கில் 46.8. மல்டிமீட்டரோடு வந்த தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும்) கம்பியை, சூடு தாங்கும் கேப்டன் டேப்பால் ஸ்டிக்கின் கவசத் தகட்டு ஓரத்தில், டிரேம் சிப்பைத் தொடும்படி ஒட்டினேன். எஸ்பிடி சென்சார் 58 சொன்னபோது கம்பி 61 சொன்னது. சென்சார் ஸ்டிக்கின் நடுவில் ஹப் சிப்புக்குள் உட்கார்ந்திருக்கிறது, நமக்கு வேண்டிய சிப்புகளில் இல்லை. மூன்று டிகிரி மனதுக்குள் கூட்டிக்கொண்டால் சரி.

பிறகு டி-ரெஃபியை மட்டும் மாற்றி, மற்றதைத் தொடாமல், அதே மதிய அடுப்பில் வைத்துப் பார்த்தோம். 50,000-ல் 58 டிகிரிக்கு மேல் நிச்சயம் பிழை. 32,767-ல் 60 வரை சுத்தம், 65-ல் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு ஒன்றிரண்டு. அந்த ஒன்றிரண்டுதான் ஆபத்தான ரகம், குறுகிய டெஸ்டில் தெரியவே தெரியாது. 16,383-ல் 66 வரை எதுவும் இல்லை. போர்டு தானாக வைத்த 11,700-க்கும் அப்படியே. லேட்டன்சியில் இதற்கெல்லாம் கொடுத்த விலை? 50,000-ல் 63, 32,767-ல் 63.6, 16,383-ல் 64.5. ஒன்றரை நானோ செகண்டுக்காக ஃபைல் கெட்டிருக்கிறது. டிஆர்எஃப்சியையும் 520-க்குத் தளர்த்தினோம், அதில் கிட்டத்தட்ட நஷ்டமே இல்லை.

வோல்டேஜை 1.40-லிருந்து 1.35-க்கு இறக்கியதில் 3 டிகிரி குறைந்தது. டிடிஆர்5-ல் மின்சாரத்தைச் சீராக்கும் பிஎம்ஐசி சிப் ஸ்டிக்கிலேயே இருப்பதால் வோல்டேஜ் கூடினால் சூடும் அங்கேயே உருவாகும். பெரிய மாற்றம் ஃபேனால் வந்தது. 350 ரூபாய்க்கு 80 மி.மீ. ஃபேன் வாங்கி, ப்ராசஸர் கூலரின் ஓரத்தில் நாலு கேபிள் டை போட்டு, ஸ்டிக்குகள் மேல் சாய்வாகக் கட்டினேன். போர்டின் சிஸ்டம் ஃபேன் பின்னில் மாட்டி 1,200 சுற்றில் நிறுத்தினால் சத்தம் கேட்கவில்லை. அதே மதியம், அதே ரெண்டர்: 65 இருந்த இடத்தில் 54. கேபிள் டையின் வாலை ஒட்ட வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் இறக்கையில் உரசிக் கிறீச்சிடும். ஆந்தி (புழுதிப் புயல்) அடிக்கும் ஊர் என்பதால் முன்பக்கம் வலை ஃபில்டர் போட்டோம். மாதம் ஒருமுறை கழற்றித் தட்டினால் கைப்பிடி மண் விழுகிறது. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று பையனுக்குக் குறை. "கண்ணாடி வழியா கேபிள் டை தெரியுது மாமா" என்கிறான்.

ஜூலையில் மழை வந்ததும் கூலர் பயனற்றுப் போகும், ஈரப்பதம் 80-ஐத் தாண்டும். அந்த நாட்களில் அறை 34, ஸ்டிக் 50. ஓடியது.

இத்தனைக்கும் நிஜ வேலையில் என்ன கிடைத்தது? ஃபைல்களைச் சுருக்கும் 7-ஜிப்பின் பெஞ்ச்மார்க்கில் 4800-லிருந்து எக்ஸ்போவுக்கு 9 சதவீதம், டைமிங் இறுக்கியதில் இன்னொரு 3. ப்ளெண்டரில் ப்ராசஸரை மட்டும் வைத்து ஒரு வீட்டின் வரவேற்பறையை ரெண்டர் போட்டால் 4800-ல் 6 நிமிடம் 40 செகண்ட், இப்போது 6 நிமிடம் 34. கிராபிக்ஸ் கார்டில் போட்டால் வித்தியாசமே இல்லை. வீடியோ எக்ஸ்போர்ட்டும் அப்படித்தான். கேமில் சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்) கொஞ்சம்தான் கூடியது, திடீர் தடுமாற்றம் மட்டும் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்தது. எக்ஸ்போவை ஆன் செய்து எஃப்-கிளாக்கை ஏற்றியதோடு எழுந்திருந்தால் முக்கால்வாசி லாபம் கைக்கு வந்திருக்கும். மிச்சமெல்லாம் என் ஆசைக்குச் செய்தது.

செலவு: ரேம் 10,400, தெர்மாமீட்டர் 300, ஃபேன் 350, வலை ஃபில்டர் 180, கேப்டன் டேப் 120. மல்டிமீட்டர் முன்பே இருந்தது. கெட்டுப்போன ப்ராஜெக்டுக்குப் பழைய காப்பி வெளி ஹார்ட் டிஸ்கில் கிடைத்தது. ஏப்ரலுக்குப் பிறகு எழுதப்பட்ட ஃபைல்களுக்கெல்லாம் எஸ்ஹெச்ஏ-256 (ஃபைலின் கைரேகை போன்ற எண்) எடுத்து, கல்லூரிக் கணினியில் இருந்த காப்பிகளோடு ஒப்பிட்டோம். இன்னும் ஒரு டெக்ஸ்ச்சர் ஃபைல் கெட்டிருந்தது, யாரும் கவனித்திருக்கவில்லை.

அடுத்த தடவை கட்டினால் முன்பக்கம் வலை வைத்த கேபினெட்தான், கண்ணாடி கிடையாது. செட்டிங் எதுவாக இருந்தாலும் முதல் டெஸ்டே கிராபிக்ஸ் கார்டு ஓடும்போது, அறையை மூடிவைத்து. பிப்ரவரியிலேயே கூட, முன் ஃபேன்களை நிறுத்தி ஸ்டிக்கை 65-க்குக் கொண்டுபோய் ஓட்டிப் பார்த்திருக்கலாம். மே மாதம் வரை காத்திருக்கத் தேவையே இல்லை. பயாஸ் ப்ரொஃபைலை இரண்டு பெயரில் சேமித்து வைத்திருக்கிறேன், 'கோடை', 'குளிர்' என்று. பையன் டிசம்பரில் 'குளிர்' போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டான். ஃபைல் வேலை இருக்கும்வரை வேண்டாம் என்றேன்.

இப்போது அவனுக்கு 32 ஜிபி போதவில்லையாம். "காலியா ரெண்டு ஸ்லாட் இருக்கே மாமா, இன்னொரு செட் வாங்கிப் போட்டுடலாமா?" நாலு ஸ்டிக் போட்டால் இந்த ப்ராசஸருக்கு ஏஎம்டி சொல்லும் வேகம் 3600-தான். அதற்கு மேல் ஓட்டுவது நம் அதிர்ஷ்டம். இதை விற்றுவிட்டு இரண்டு 32 ஜிபி வாங்குவதுதான் வழி. ஆனால் 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் சிப்பையெல்லாம் அள்ளிக்கொண்டு போக, நாங்கள் வாங்கிய அதே செட்டின் விலை இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. டிசம்பரில் மைக்ரான் தன் க்ரூஷியல் சில்லறை வியாபாரத்திலிருந்தே விலகுவதாக அறிவித்தது. விலை இறங்கும்வரை பெரிய சீனை இரண்டாகப் பிரித்து ரெண்டர் போடச் சொல்லியிருக்கிறேன். முணுமுணுத்துக்கொண்டே பிரிக்கிறான்.